இங்கிதமும் இடக்கையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் லண்டனிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவருடன் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி எட்டு வருஷம் என்று அவராகத்தான் சொன்னார். "இன்னும் குழந்தை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துச் சமாளித்தார். மாலையில் எங்கள் மேலாளர் மொத்தக் குழுவுக்கும் நகல் போட்டு அனுப்பிய மின்னஞ்சலில், என் கேள்வி கொஞ்சம் 'கௌச்சே' என்றிருந்தது (ஜி, ஏ, யு, சி, எச், இ). அகராதியில் 'நயமற்ற, முரட்டுத்தனமான' என்று போட்டிருக்கிறது. நான் முரடனா? தமிழில் இதற்கு என்ன சொல்?

க., சென்னை

அன்புள்ள க.,

முரடன் இல்லை. அகராதி உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்தியிருக்கிறது. உச்சரிப்பை முதலில் சரிசெய்துகொள்வோம்: அது 'கோஷ்'. கோஷம் போடுகிறோமே, அதில் கடைசியில் வரும் 'அம்' ஒலியை விழுங்கிவிட்டால் போதும்.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சில் 'இடது' என்று பொருள். வலது அங்கே 'த்ருவா'. அதன் வழியில் வந்த 'அட்ராய்ட்' ஆங்கிலத்தில் கைதேர்ந்தவனைக் குறிக்கிறது. இரண்டு கையாலும் எழுதுகிறவனை 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்' என்கிறார்கள். லத்தீன் வேரைப் பார்த்தால், இரண்டும் வலக்கையாக உள்ளவன்! நம்மூர்ப் பீச்சாங்கைக்குக் கிடைக்கும் மரியாதைதான் ஐரோப்பாவிலும். வேதியியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் வேறு வழியில் பழக்கம். பியூட்டேன் என்ற வாயுவின் மூலக்கூறில், இரண்டு முனைகளிலும் உள்ள மெத்தில் என்ற அணுக்கூட்டங்கள் 60 டிகிரி திருப்பத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு 'கோஷ்' என்றே பெயர். பொருத்தமான பெயர்தான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் கையை விட்டுவிட்டுச் சபைக்குப் போய்விட்டது. விருந்தில் கண்ணாடிக் குவளையைக் கீழே போட்டு உடைப்பவன் 'கிளம்சி'. அந்தக் குவளை என்ன விலை என்று வீட்டுக்காரரிடம் கேட்பவன் 'கோஷ்'. கேட்டால் மனம் நோகும் என்று தெரிந்தும் கேட்பவன் 'ரூட்' (ஆர், யு, டி, இ). 'பூரிஷ்' என்று ஒன்று உண்டு, டச்சு மொழியில் விவசாயியைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. நாம் 'பட்டிக்காட்டான்' என்று திட்டுவதும் அவர்கள் இப்படித் திட்டுவதும் ஒரே நகரத்துத் திமிர்.

கல்லூரி நாட்களில் நண்பனின் தாத்தா இறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது, வீட்டில் பழக்கிய மரியாதைப்படி, அவன் அம்மாவிடம் "போய்ட்டு வரேம்மா" என்றேன். திண்ணையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் பேசியது மரியாதையான வாக்கியம்தான், இடம்தான் தப்பு. இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. கோஷ் என்றால் இதுதான்.

தமிழில் 'இங்கிதம் தெரியாத' என்று சொல்லுங்கள். 'நாசூக்கில்லாத' என்பதும் பல இடங்களில் பொருந்தும். ஆனால் இங்கிதத்தில் எனக்கு ஒரு தனிப் பிரியம். அது வடமொழிச் சொல், 'குறிப்பு' என்று பொருள். எதிரில் இருப்பவர் முகம் காட்டும் குறிப்பைப் படிக்கத் தெரியாதவன்தான் இங்கிதம் தெரியாதவன். வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார், அமைச்சனுக்கு ஒன்று (71), காதலர்களுக்கு ஒன்று (110). பிரெஞ்சுக்காரன் பிழையைக் கையில் கண்டான், நாம் கண்ணில் கண்டிருக்கிறோம். நம்முடையதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கேள்வி நம் ஊர் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் கேட்டுவிடும் கேள்விதான். இங்கேயும் அது எத்தனையோ பேரை வதைக்கிறது, அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஆகவே லண்டன்காரர்களின் நாசூக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். 'ரூட்' என்று எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். 'கோஷ்' அப்படியல்ல. கெட்ட எண்ணம் இல்லை என்று ஒப்புக்கொண்டு, வளர்ப்பில் குறை என்று சொல்லிவிடுகிற சொல் அது. உங்களுக்கு வலித்தது அதனால்தான். தனியாக அழைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை மொத்தக் குழுவுக்கும் நகல் போட்டாரே, அதற்கும் அகராதியில் வேறு சொல் தேட வேண்டியதில்லை.