அம்மா, அப்பா இல்லாத ஊருக்கு நான் ஏன் போகணும்?

கேள்வி: 24 வயதில் நாட்டை விட்டு வெளியேறினேன். அப்போது திரும்பிப் போக வழியில்லை. இப்போது தடை எதுவும் இல்லை, எனக்கு வயதுதான் 61 ஆகிவிட்டது. அம்மா, அப்பா இருவர் சாவுக்கும் போக முடியவில்லை. கியூபாவின் பேஸ்பால் வீரர் லூயிஸ் டியான்ட் 46 வருடம் கழித்து ஊர் திரும்பும் ஆவணப்படத்தைப் போன வாரம் பார்த்தேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. அங்கே எனக்கென்று மிச்சமிருப்பது ஒரு சித்தி மட்டும். "இத்தனை வருஷம் எங்கே இருந்தாய்?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்? போகத்தான் வேண்டுமா?

பதில்: போங்கள்.

யாருமே இல்லாத ஊருக்கு ஏன் என்றுதானே தயங்குகிறீர்கள்? டியான்டின் கதையில் எனக்கு அடிமனதில் தங்கிப்போனதும் இந்த இடம்தான். 1961-இல் அவர் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தார். வயது 20. கியூபாவில் காஸ்ட்ரோ அரசு தொழில்முறை விளையாட்டுக்கு முடிவு கட்டியிருந்தது. திரும்பி வராதே என்று அப்பாவே சொல்லிவிட்டார். அந்த அப்பாவும் பந்து வீசியவர். அமெரிக்காவில் கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த லீக்குகளில் ஆடியவர். திறமை இருந்தும் ஒரு வாசல் மூடியே இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒரே பிள்ளையைத் தூரத்தில் விட்டார்.

அப்பாவும் மகனும் நேரில் பார்க்க 14 வருடம் ஆனது. 1975-இல் அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் காஸ்ட்ரோவிடம் பேசிய பிறகு, அம்மாவும் அப்பாவும் மகன் ஆடிக்கொண்டிருந்த பாஸ்டன் நகரத்துக்கு வந்தார்கள். ஃபென்வே பார்க் மைதானத்தில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் பெரியவரை அழைத்தார்கள். அவர் போட்ட முதல் பந்து அவருக்கே திருப்தியாக இல்லை. பந்தைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை வீசினார். அந்த அக்டோபரில் வேர்ல்டு சீரிஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் மகன் ஜெயித்தார். மறுவருடம் டிசம்பரில், சில நாள் இடைவெளியில், பெற்றோர் இருவருமே அமெரிக்காவில் இறந்துபோனார்கள்.

யோசித்துப் பாருங்கள். 2007-இல் அவர் ஹவானா போனபோது அங்கே அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பெற்றோரைக் கடைசியில் தன்னோடு வைத்துக்கொண்ட நிம்மதி உங்களுக்குக் கிடைக்கவில்லை, அவருக்குக் கிடைத்தது. அப்படியும் ஊர் அவரை விடவில்லை. வயதான அத்தைகள் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போனார், அழுதார். உங்கள் சித்தியை "மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்தீர்கள் என்று சொல்ல இன்னும் ஒருவர் இருக்கிறார்.

சித்தி கேட்பார். கேட்கட்டும். கோபமாகவும் கேட்கலாம். நீங்கள் அனுபவித்த கஷ்டங்களை உடனே எடுத்து அடுக்காதீர்கள். அந்த வீட்டில் எஞ்சியிருந்தவர்கள் என்ன பட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். அம்மாவின் கடைசி நாட்களை அவர் வாயால் கேளுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும்தான், ஆனாலும் எழுந்து போய்விடாதீர்கள். பெட்டி நிறையப் பரிசு வாங்கிப் போவதில் தப்பில்லை. முதல் நாளே பிரிக்க வேண்டாம். கணக்குத் தீர்க்க வந்ததுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று. டியான்ட் தனியாகப் போகவில்லை. அமெரிக்கத் தடைகளால் சும்மா போய்வர முடியாது, அதனால் நட்பு ஆட்டம் ஆடப் போன ஓர் அமெச்சூர் அணியோடு பயிற்சியாளராகப் போனார். சட்டத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் மனதுக்கும் அது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்களும் கையில் ஒரு வேலையோடு போங்கள். பெற்றோரின் கல்லறையைச் சீர்செய்வது, பழைய போட்டோக்களைப் பிரதி எடுப்பது, சித்தியை டாக்டரிடம் கூட்டிப்போவது, எதுவாகவும் இருக்கலாம். முதல் பயணம் பத்து நாள் போதும். பிள்ளைகளில் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய 46 வருடத்துக்கு இரண்டு அரசாங்கங்கள் காரணம். உங்களுக்கு அந்தத் தடை இப்போது இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே சித்திக்குப் போன் போடுங்கள். "வரலாமா?" என்று கேட்காதீர்கள். வரும் தேதியைச் சொல்லுங்கள்.