அப்பாவின் குரல் எங்கே இருக்கிறது? – கடிதம்

வணக்கம்.

ஒன்பது வருடமாக ஆண்ட்ராய்டு ஃபோன்தான் வைத்திருக்கிறேன். வீட்டில் மற்ற எல்லோரும் ஐபோனுக்குப் போய்விட்டார்கள். நானும் மாறலாம் என்று இருக்கிறேன். கேமரா, பேட்டரி, பாதுகாப்பு, எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணையே போட்டுவிட்டேன். ஆனாலும் முடிவெடுக்க முடியவில்லை. ஐபோனில் சுதந்திரம் இல்லை என்கிறார்கள் சிலர், ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு இல்லை என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு அன்றைக்கே புதியதை வாங்கிவிடலாம் என்று எண்ணம். வாட்ஸாப் பேக்கப் தினமும் கூகுள் டிரைவில் ஏறுகிறது, அதனால் அதைப் பற்றிக் கவலை இல்லை. போன வருடம் தவறிப்போன என் அப்பாவின் வாய்ஸ் மெசேஜ்கள் அதில்தான் இருக்கின்றன. அவை தானாக வந்துவிடும்தானே?

க.

*

அன்புள்ள க.,

வராது.

கேமராவுக்கும் பேட்டரிக்கும் அட்டவணை போட்டிருக்கிறீர்கள். அப்பாவின் குரலுக்குக் கடைசியில் ஒரு வரி, அதையும் ‘தானே’ என்று முடித்துவிட்டீர்கள். கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். உங்கள் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. ஃபோன் மாற்ற நினைக்கும் எல்லோரும் புதிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பழைய ஃபோனில் இருப்பது எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்பவர் அபூர்வம். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே அட்டவணையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் இருக்கும் வாட்ஸாப் தன் பேக்கப்பை கூகுள் கணக்கில் வைக்கிறது. ஐபோனில் இருக்கும் வாட்ஸாப் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐக்ளவுடில் மட்டும்தான் தேடும். ஒன்றின் பேக்கப்பை மற்றது திறக்காது. புது ஐபோனில் உங்கள் கூகுள் கணக்கைச் சேர்த்தால் மின்னஞ்சல் வரும், தொடர்பு எண்கள் வரும், காலண்டர் வரும். அதையெல்லாம் பார்த்ததும் எல்லாமே வந்துவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். வாட்ஸாப்பைத் திறந்து எண்ணைக் கொடுப்பீர்கள், ஓடிபி வரும், குழுக்களின் பெயர்களும் வரும். உள்ளே பழைய செய்தி ஒன்றுகூட இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் பழைய ஃபோன் கடைக்காரர் கையில் ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும்.

அப்படி ஏற்கெனவே ஆகிவிட்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வழி உண்டு. வேறொரு ஆண்ட்ராய்டு ஃபோனை இரவல் வாங்கி, அதே கூகுள் கணக்கு, அதே எண் இரண்டையும் கொடுத்து வாட்ஸாப்பை நிறுவினால், டிரைவில் இருக்கும் பேக்கப் அதில் இறங்கும். அங்கிருந்து ஐபோனுக்கு முறையாக மாற்றலாம். நாள் கடத்தக் கூடாது. நீண்ட நாள் புதுப்பிக்கப்படாத பேக்கப்பை கூகுள் நீக்கிவிடக்கூடும். பேக்கப்புக்கு என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன், அதாவது உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாத பூட்டு, போட்டிருந்தால் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கையில் இருக்க வேண்டும். அது தொலைந்திருந்தால் வாட்ஸாப்பாலும் திறக்க முடியாது, கூகுளாலும் முடியாது.

உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஐபோன் வாங்குவதற்கு முன்பே அப்பாவின் குரலை வாட்ஸாப்புக்கு வெளியே எடுத்து வையுங்கள். இதை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொன்றும் உங்கள் ஃபோனில் தனித்தனி ஒலிக்கோப்பாக இருக்கிறது. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸாப்பின் ஃபோல்டர், இப்படியே போனால் ‘வாட்ஸாப் வாய்ஸ் நோட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் வருடமும் வார எண்ணும் சேர்ந்த ஆறு இலக்கப் பெயரில் வரிசையாக ஃபோல்டர்கள். 202314 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். ஒவ்வொன்றிலும் ஓபஸ் வகைக் கோப்புகள். கோப்பின் பெயர் ‘பிடிடி’ (PTT) என்று தொடங்கும், பிறகு எட்டு இலக்கத்தில் தேதி, கடைசியில் ஒரு வரிசை எண். அனுப்பியவர் பெயர் எங்கேயும் இருக்காது. அப்பா பேசியதும், பால்காரர் பேசியதும், நீங்கள் பதில் பேசியதும் ஒரே ஃபோல்டரில் ஒன்றாகக் கிடக்கும். அந்த ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து வைத்தால், பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுத்தான் அப்பாவைத் தேட வேண்டியிருக்கும்.

அதனால் இன்னொன்றும் செய்யுங்கள். அப்பாவின் உரையாடலைத் திறந்து, மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘மோர்’, ‘எக்ஸ்போர்ட் சாட்’ என்று போய், மீடியாவோடு சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு உரைக்கோப்பும் கூடவே படங்களும் ஒலிக்கோப்புகளும் வரும். அந்த உரைக்கோப்பைத் திறந்தால் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், அதன் பக்கத்தில் அதே ‘பிடிடி’ பெயர் என்று ஒவ்வொரு வரியும் இருக்கும். எந்தக் கோப்பு யாருடைய குரல் என்று சொல்வது இந்த வரிதான். மீடியாவோடு எடுத்தால் அண்மைய 10,000 செய்திகள் வரைதான் வரும். நீண்ட உரையாடலாக இருந்தால் மீடியா இல்லாமலும் ஒருமுறை எடுங்கள், 40,000 வரை வரும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, விடுபட்ட பழைய கோப்புகளை ஃபோல்டரிலிருந்து பெயர் பார்த்துப் பொறுக்கிவிடலாம்.

இரண்டையும் கணினியில் ஒரு நகல், பென்டிரைவில் ஒரு நகல் என்று வையுங்கள். ஓபஸ் கோப்பைச் சில பிளேயர்கள் திறக்காது. விஎல்சி திறக்கும், அது கணினிக்கும் உண்டு, ஐபோனுக்கும் உண்டு. நகலெடுத்ததோடு நிறுத்தாமல் பென்டிரைவிலிருந்தே இரண்டு மூன்றைத் திறந்து கேட்டுப் பாருங்கள். எக்ஸ்போர்ட் செய்ததை வாட்ஸாப்புக்குள் திருப்பிப் போட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இது உங்கள் கையில் இருக்க வேண்டிய நகல். வாட்ஸாப் வரலாற்றை அப்படியே கொண்டுபோவது வேறு வேலை.

அந்த வேலைக்கு ஆப்பிள் தருகிற ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற ஆண்ட்ராய்டுச் செயலி வேண்டும். வாட்ஸாப் இந்த வழியைத் திறந்ததே 2022 ஜூனில்தான். அதற்கு முன் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வாட்ஸாப்பைக் கொண்டுபோக அதிகாரபூர்வமான வழியே கிடையாது. ஐபோன் புதிதாகவோ முழுக்க ரீசெட் செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். அதன் முதல் அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ‘ஆண்ட்ராய்டிலிருந்து’ என்ற தேர்வு வரும். ஆசையில் அதைத் தாண்டி முகப்புத்திரை வரை போய்விட்டால் மறுபடி ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டும். இரண்டு ஃபோனிலும் ஒரே எண்தான் வாட்ஸாப்புக்கு இருக்க வேண்டும். இரண்டும் சார்ஜரில் இருக்க வேண்டும்.

ஐபோன் திரையில் ஒரு எண் தோன்றும், அதை ஆண்ட்ராய்டில் அடித்ததும் ஐபோன் தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கும். ஆண்ட்ராய்டு அதில் சேரும். பெரும்பாலும் மாற்றம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். அந்த வைஃபையில் இணையம் கிடையாது. இணையம் இல்லாத வைஃபையைக் கண்டால் மொபைல் டேட்டாவுக்குத் தாவும் பழக்கம் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு உண்டு. தாவிய உடனே இணைப்பு அறுந்துவிடும். ஆகவே தொடங்குவதற்கு முன் மொபைல் டேட்டாவை அணையுங்கள், வைஃபை செட்டிங்ஸில் தானாக நெட்வொர்க் மாற்றும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். அழைப்பு வந்தாலும் எடுக்காதீர்கள், வேறு செயலிக்குப் போகாதீர்கள், திரை அணைய விடாதீர்கள். ஆண்ட்ராய்டு ‘முடிந்தது’ என்று சொன்னாலும் ஐபோனில் கோடு ஓடி முடியும் வரை இரண்டையும் தொடாதீர்கள்.

எவற்றை மாற்றலாம் என்ற பட்டியலில் வாட்ஸாப்பைத் தேர்ந்தெடுத்ததும் அது தன் தரவைத் தயார்செய்யும். பல வருடத்து வாட்ஸாப் என்றால் நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். தயாரானதும் பழைய ஃபோனில் வாட்ஸாப் லாக் அவுட் ஆகிவிடும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். ஐபோன் அமைப்பு முடிந்த பிறகு ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸாப்பை இறக்கி, அதே எண்ணில் நுழைந்து, கேட்கும்போது ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் வரலாறு உள்ளே வரும். அழைப்புப் பட்டியல் வராது, பணம் அனுப்பிய செய்திகள் வராது. வாய்ஸ் மெசேஜ் வரும்.

எக்ஸ்சேஞ்ச் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாங்குகிற அன்றே பழையதைக் கொடுப்பது என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள். அந்தத் தள்ளுபடிக்காகத்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். மாற்றம் முடிந்தாலும் பழைய ஃபோனில் வாட்ஸாப் தரவு அப்படியே இருக்கும், நீங்கள் அழிக்கும் வரை அழியாது. ஏதாவது விடுபட்டிருந்தால் அதுதான் உங்கள் பிடிமானம். ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள், வாரம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். வீடு காலி செய்கிறவர்கள் சாவியைக் கொடுப்பதற்கு முன் பரண்மேல் ஒருமுறை பார்ப்பார்கள் இல்லையா, அந்த அவகாசம் ஃபோனுக்கும் வேண்டும்.

அந்த ஒரு மாதத்துக்கு இன்னொரு காரணம், கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு எண்ணும் கேட்கிற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. ஆறு இலக்க எண் தருகிற ஆத்தென்டிகேட்டர் செயலி வைத்திருந்தால், அதில் இருக்கும் கணக்குகளை மூவ் டு ஐஓஎஸ் கொண்டுவராது. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் பழைய ஃபோனில் க்யூஆர் குறியாக எக்ஸ்போர்ட் செய்து புதியதில் ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய ஃபோன் கையில் இல்லாவிட்டால் ஸ்கேன் செய்ய எதுவும் இல்லை. வங்கிச் செயலிகள் ஃபோனையே பதிவு செய்துகொள்பவை, புதிதாகத்தான் பதிவு செய்ய வேண்டும், விடுமுறைக்கு முந்தைய இரவில் அதைத் தொடங்காதீர்கள். பிளே ஸ்டோரில் ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை அங்கேயே போய் ரத்து செய்யுங்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது.

புகைப்படங்களுக்குப் பெரிய பாடு இல்லை. கூகுள் ஃபோட்டோஸ் ஐபோனிலும் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஐக்ளவுடில் ஏற்ற நினைத்தால் இலவச இடம் 5 ஜிபிதான், கூகுளில் 15. ஐபோனில் எடுத்த படத்தை கூகுள் ஃபோட்டோஸ் செயலிக்குள் அழிக்கும்போது மட்டும் கவனம். அனுமதி கேட்கும், கொடுத்தால் ஃபோனிலிருந்தும் ஐக்ளவுடிலிருந்தும் சேர்ந்தே போய்விடும்.

உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். அப்டேட் காலம் இன்றைக்கு முடிவை மாற்றுகிற விஷயமாக இல்லை. கூகுள் பிக்சல் 8 முதலும், சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதலும் 7 ஆண்டு தருவதாகச் சொல்லியிருக்கின்றன. 2015இல் வந்த ஐபோன் 6எஸ், 2021இன் ஐஓஎஸ் 15 வரை பெற்றது. சுதந்திரம், பாதுகாப்பு என்று உங்களிடம் வாதாடுகிறவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது இடம் மாறிப் பார்த்தவர்கள் என்று கேளுங்கள். கேமரா இரண்டிலும் நன்றாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஐபோன் என்பது நல்ல காரணம்தான், ஏதாவது தடுமாறினால் பக்கத்தில் கேட்க ஆள் இருக்கும். கையில் ஆண்ட்ராய்டோடு வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் மட்டும் பாருங்கள். 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 தொடங்கி சாம்சங்கின் வாட்ச்கள் ஐபோனோடு சேராது.

போய்ப் பார்த்துப் பிடிக்காமல் திரும்பி வந்தாலும் பழி உங்கள் மேல் இல்லை. அப்போது சிம்மைக் கழற்றுவதற்கு முன் ஐபோன் செட்டிங்ஸில் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜையும் வீடியோ அழைப்புச் சேவையான ஃபேஸ்டைமையும் அணைத்துவிடுங்கள். அணைக்காமல் வந்தால் ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் செய்திகள் உங்கள் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும், அனுப்பியவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மறந்துவிட்டால் எண்ணைக் கொடுத்து நீக்கிக்கொள்ள ஆப்பிளின் தளத்தில் 2014 முதல் ஒரு பக்கம் இருக்கிறது.

இன்று இரவே அந்த வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டரை நகலெடுங்கள். ஐபோனுக்குப் போன பிறகு அப்பாவின் உரையாடலைத் திறந்து மேலே, மிக மேலே, முதல் செய்தி வரை தள்ளிப் போங்கள். அங்கே இருக்கும் முதல் வாய்ஸ் மெசேஜையும் கடைசியாக அவர் அனுப்பியதையும் நடுவில் நாலைந்தையும் ஓட்டிக் கேளுங்கள். எல்லாம் ஒலித்தால் ஐக்ளவுடில் வாட்ஸாப் பேக்கப்பை உடனே ஒருமுறை எடுங்கள், ஏனென்றால் அதுவரை அந்த ஐபோனுக்கு வெளியே ஐக்ளவுடில் எதுவும் ஏறியிருக்காது. ஒரு மாதம் கழித்துப் பழைய ஃபோனிலிருந்து கூகுள் கணக்கை நீக்கி, பிறகு ரீசெட் செய்து, கொடுக்க வேண்டியவருக்குக் கொடுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவரிடம் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடும். பென்டிரைவைக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்.