88 என்றால் என்ன?

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். டியூஷன் சென்டரில் ஐக்யூ எனும் அறிவுத்திறன் தேர்வு வைத்து, 88 என்று ஒரு தாள் கொடுத்தார்கள். “நூற்றுக்கு 88, நல்ல மார்க்தானே” என்றார் கணவர். சென்டரில் கேட்டால், “சராசரிக்குக் கீழே, அதிகம் எதிர்பார்க்காதீர்கள்” என்கிறார்கள். மூளை இவ்வளவுதான் என்று பிறப்பிலேயே முடிவாகிவிடுமா?

— ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவர் சொன்னது சரியில்லை. சென்டரில் சொன்னது அதைவிடத் தப்பு. 88 என்பது மார்க் இல்லை, தன் வயதுப் பிள்ளைகள் நடுவில் அவன் நிற்கும் இடம். சராசரியை 100 என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். உங்கள் மகனும் அங்கேதான் இருக்கிறான். அவனையே வேறொரு நாள் உட்கார வைத்தால் நாலைந்து எண் ஏறும், இறங்கும்.

பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே 1905இல் தன் சக ஆய்வாளர் சிமோனோடு சேர்ந்து இந்த வகைத் தேர்வை உருவாக்கியதே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். அறிவு வளரவே வளராது என்றவர்களை 1909இல் புத்தகம் எழுதிக் கடுமையாக மறுத்தவர் அவர். அவர் வழி வந்த தேர்வை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் ‘எதிர்பார்க்காதீர்கள்’ என்று சொல்வதா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

1917இல் அமெரிக்க ராணுவம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தேர்வு வைத்தது. ஒரு படத்தில் டென்னிஸ் திடல், நடுவில் வலை இல்லை. குறைவதை வரைந்து காட்ட வேண்டும். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். டென்னிஸ் திடலைத் துரை பங்களா வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருப்பார். ஆனால் விடியுமுன்னே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பட்டையில் உளியை வைப்பார். கொஞ்சம் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. அந்தப் படத்தைக் கொடுத்திருந்தால் பாட்டி விழித்திருப்பார். அதனால் அவர் மந்தமா?

உங்கள் மகனிடம் எந்த மொழியில் கேட்டார்கள்? வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் பேசுகிற பிள்ளையிடம் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், அது ஆங்கிலத்தை அளக்கிற தேர்வு.

பிறப்புக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போன நூற்றாண்டில் பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை இந்த எண்கள் ஏறின. ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் அதைக் கணக்கெடுத்துக் காட்டினார். அவ்வளவு சீக்கிரம் மரபணு மாறாது. பள்ளிக்கூடம், சாப்பாடு, வீட்டுச் சூழல் என்று மாறியது வேறு.

இந்தத் தேர்வுகளே வீண் என்றும் சொல்ல மாட்டேன். பயிற்சி பெற்ற உளவியலாளர் நேரில் உட்கார்ந்து செய்தால், பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்று ஓரளவு தெரியும். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமமா? முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்து விடுங்கள். அந்த எண்ணை அவன் காதில் போடாதீர்கள். தாளில் தேர்வின் பெயரும் மொழியும் இருந்தால் எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.