செம்பருத்தியில வெள்ளைப் பஞ்சு, மருந்து அடிச்சும் போகலையா?

"செம்பருத்தி நுனியெல்லாம் வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு, கொழுந்து சுருண்டு போச்சு, கடையில குடுத்த மருந்த அடிச்சா ரெண்டு வாரத்துல திரும்ப வந்துடுது"ன்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

அது மாவுப்பூச்சிங்க. மேல மெழுகு மாதிரி மாவு படிஞ்சிருக்கறதால மருந்துத் தண்ணி உள்ள போகாம வழிஞ்சிடும், முட்டையும் அந்தப் பஞ்சுக்குள்ளயே பத்திரமா இருக்கும். அதனால மொதல்ல சுருண்ட நுனிய வெட்டி கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி வெளிய போடுங்க, உரக்குழியில போடவே கூடாது. மீதிய பைப் தண்ணிய வேகமா பீச்சி அடிச்சுக் கழுவிட்டு, 5 மில்லி வேப்பெண்ணெய்ல கொஞ்சம் சோப்புத் திரவம் விட்டு நல்லா கலக்கி, 1 லிட்டர் தண்ணி சேர்த்து, வெயில் தாழ்ந்தப்பறம் இலைக்கு அடியிலயும் படற மாதிரி அடிங்க. வாரம் ஒரு தடவைன்னு மூணு வாரம் விடாம செய்யணும்.

தயவுசெஞ்சு லேபிள் இல்லாத பாட்டில்ல "நானே மிக்ஸ் பண்ணது, எல்லாப் பூச்சிக்கும் கேக்கும்"னு குடுக்கறத வாங்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னு விக்கறவருக்கே தெரியாது, பூவுக்கு வர்ற தேனீயும் செத்துப்போகும். சரி, லேபிள் இருக்கறத வாங்கினா அதுல ஏக்கருக்கு இவ்வளவு, ஹெக்டேருக்கு இவ்வளவுன்னு எறும்பு சைஸ் எழுத்துல போட்டிருக்கான், ரெண்டு செடி வச்சிருக்கறவங்க அத எப்படிங்க கணக்குப் போடுவாங்க? எத்தன வருஷமா சொல்றோம், யாரும் மாத்தறதா இல்ல.

தண்டுல எறும்பு ஏறுதான்னு பாருங்க. மாவுப்பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், எதிரிப்பூச்சிய அண்ட விடாது. தண்டுல டேப் சுத்தி அது மேல கிரீஸ் தடவுங்க, பட்டையில நேரா தடவாதீங்க.

ஒண்ணே ஒண்ணு, வெள்ளையா இருக்கறதெல்லாம் மாவுப்பூச்சி இல்ல. கிரிப்டோலீமஸ்னு ஒரு பொறிவண்டு இருக்கு, அதோட புழுவும் பாக்க அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா இருக்கும், ஆனா அது மாவுப்பூச்சியத் தின்னுதான் வளருது. பாவம், நல்லது செய்ய வந்தத நிறைய பேர் நசுக்கிடறாங்க. மாவுப்பூச்சி 3 மில்லிமீட்டர் இருக்கும், பெரும்பாலும் ஒரே எடத்துல கூட்டமா ஒட்டிக்கிட்டு கிடக்கும். இந்தப் புழு 1 சென்டிமீட்டருக்கு மேலயும் வளரும், உடம்பு சுத்தி மெழுகு இழை நீளமா தொங்கும், குச்சியால தொட்டா சட்டுனு நடக்கும். அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா அந்தக் கிளைய வெட்டாதீங்க, வேப்பெண்ணெய் கூட அடிக்காதீங்க, எறும்ப மட்டும் தடுத்துட்டு விட்டுடுங்க.