அப்பாவின் எக்செல் ஷீட்டில் விட்டுப்போன வருடங்கள்

அன்புள்ள மேடம்,

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்கு ஐடி வேலை. நான் ஒரு லேபில் பகுதி நேரம் போகிறேன். ஒரே பெண், நைன்த் கிரேட், பதினைந்து வயது. நன்றாகப் பாடுவாள். பெற்றவள் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பள்ளி கொயர் (சேர்ந்து பாடும் குழு) டீச்சரே கூப்பிட்டுச் சொன்னார். நடிப்பிலும் ஆசை உண்டு.

அமெரிக்கப் பாடகி சப்ரினா கார்பென்டர் கிராமி விருது வாங்கிய சமயத்தில் என் கணவர் அவருடைய கதையைத் தேடித் தேடிப் படித்தார். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர், பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிப்பு, மகளுக்காக அப்பாவே வீட்டில் கட்டிக் கொடுத்த ஊதா நிற ஒலிப்பதிவு அறை. எல்லாம் அவருக்கு மனப்பாடம். கொஞ்ச நாளில் எங்கள் பேஸ்மென்ட்டிலும் வேலை ஆரம்பித்துவிட்டது. வாஷர், டிரையர் இருக்கும் மூலையை விட்டு மீதியைத் தடுத்து, சுவர் முழுக்கக் கறுப்பு ஃபோம் ஒட்டி, மைக், ஹெட்போன் எல்லாம் வாங்கிவிட்டார். அவள் பாடும்போது டிரையர் ஓடக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் துணி துவைப்பது ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான்.

ஞாயிறுதோறும் ஒரு பாட்டை யூடியூபில் ஏற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காகப் பள்ளி மியூசிக்கலுக்கு, அதாவது இசை நாடகத்துக்கு, ஆடிஷன் போகவில்லை, கொயரையும் விட்டுவிட்டாள். கணவர் ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் சப்ரினா எந்த வயதில் என்ன சாதித்தார் என்று இருக்கும். பத்து வயதில் போட்டி, பன்னிரண்டில் ரெக்கார்டிங் கம்பெனியுடன் ஒப்பந்தம், பதினைந்தில் டிஸ்னி தொடர், இருபத்தைந்தில் கிராமி. எதிர்ப் பக்கம் எங்கள் மகள். பதினைந்து வயதுக் கட்டம் சிவப்பாக இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆபீஸில் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்ப்பார், வீட்டுக் கடனுக்கும் இதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்.

இப்போது மகள், “அம்மா, ஐ ஆம் ஆல்ரெடி லேட்” என்கிறாள். அடுத்த வருடம் பள்ளியை விட்டு ஹோம் ஸ்கூலிங் போகணுமாம். இதற்கிடையில் பெண்ணின் வீடியோவைப் பார்த்ததாகச் சொல்லி ஒரு நிறுவனம் அழைத்தது. ஐயாயிரம் டாலர் கட்டினால் போட்டோ ஷூட், பயிற்சி, லாஸ் ஏஞ்சலஸில் ஏஜென்ட்டுகள் முன்னால் ஒரு வாய்ப்பு என்கிறார்கள். கணவர் கட்டிவிடலாம் என்கிறார்.

இன்னொன்று. சொன்னால் அற்பமாக இருக்கும். முன்பெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நிற்கும்போதுகூடப் பாடுவாள். ஏதாவது ஒரு விளம்பரப் பாட்டு, நான் போடும் பழைய இளையராஜா, எது வந்தாலும். சில மாதங்களாக மைக் முன்னால் மட்டும்தான் குரல் வருகிறது. மேலே வந்தால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு சும்மா இருக்கிறாள். கேட்டால், “வாய்ஸ் சேவ் பண்றேன்” என்கிறாள்.

நான் குறுக்கே நின்றால் அவள் கனவைக் கெடுத்த அம்மா ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

---

அன்புள்ள சகோதரிக்கு,

அற்பம் என்று நீங்கள் சொன்ன விஷயத்தைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். அதற்கு முன்னால் அந்த எக்செல் ஷீட்டைப் பார்த்துவிடலாம். உங்கள் கணவரோடு பேச அதுதான் வழி. அவருக்குப் புரியும் மொழி அது.

அவர் எழுதியிருக்கும் வரிகள் எல்லாம் சரியானவை. நடுவில் பல வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. பத்து வயதுப் போட்டி என்று எழுதியிருக்கிறாரே, பாடகி மைலி சைரஸின் பெயரில் நடந்த அந்தப் பாட்டுப் போட்டியில் சப்ரினா மூன்றாவதாக வந்தார். முதல் இடம் யாருக்கு என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். எனக்கும் தெரியாது, பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அவர்களும் அந்த வயதில் நன்றாகப் பாடிய பிள்ளைகள்தான். அவர்களை வைத்து யாரும் ஷீட் போடுவதில்லை.

பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே அவர் எதுவும் எழுதவில்லை. அந்தப் பத்து வருடம் எப்படிப் போனது? டிஸ்னி தொடரான ‘கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்’ 2014இல் தொடங்கியது, மூன்று சீசனோடு 2017இல் நிறுத்திவிட்டார்கள். 2015 முதல் 2019 வரை நான்கு ஆல்பங்கள் வந்தன. ஒன்றுகூட அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலின் முதல் இருபதுக்குள் நுழையவில்லை. அதுவும் மூன்றாவது, நான்காவது ஆல்பங்கள் முதல் இரண்டைவிடக் கீழே போயின. உங்கள் கணவரின் கணக்குப்படி அந்த வருடங்கள் எல்லாமே சிவப்புக் கட்டம்தான்.

2020 மார்ச்சில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ‘மீன் கேர்ள்ஸ்’ நாடகத்தின் முக்கிய வேடம் கிடைத்தது. இரண்டு முறைதான் மேடையேறினார். கொரோனா வந்து பிராட்வே முழுவதும் மூடப்பட்டது. மறு ஆண்டு வேறொரு பாடகியின் காதல் தோல்விப் பாட்டை வைத்துக் கிளம்பிய வம்புப் பேச்சில் இவர் பெயர் அடிபட்டு, முன்பின் தெரியாதவர்களெல்லாம் இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். அப்போது வயது இருபத்தொன்று. அதே ஆண்டு பழைய கம்பெனியை விட்டு ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்கு மாறினார். 2022இல் ஐந்தாவது ஆல்பம். ‘எஸ்பிரெஸ்ஸோ’ பாட்டு 2024 ஏப்ரலில் வந்தது, ஆகஸ்டில் ஆறாவது ஆல்பம் முதலிடம் பிடித்தது, 2025 பிப்ரவரியில் இரண்டு கிராமி. (அவருடைய இன்றைய பாடல் வரிகள் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஏற்றவையா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அதற்குள் போகவில்லை.)

ஒப்பந்தம் போட்ட பன்னிரண்டு வயதிலிருந்து உலகம் முழுக்கப் பெயர் தெரிய இன்னொரு பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ஆகவே உங்கள் மகளின் “லேட்” என்ற பயத்துக்கு அந்த ஷீட்டிலேயே ஆதாரம் கிடையாது. ஆனால் அவளிடம் போய், “நீ ஒன்றும் லேட் இல்லை, விடு” என்று சொல்லாதீர்கள், அது காதில் ஏறாது. “எதுக்கு லேட்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் மேடையைப் பற்றி வரலாம். அப்பாவின் முகத்தைப் பற்றியும் வரலாம். எது வந்தாலும் அன்றைக்குத் திருத்தாதீர்கள்.

இனி ஃபிரிட்ஜ் விஷயம். 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்த ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து விளையாட்டு நேரத்தில் அதே மார்க்கர் பேனாக்களை எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி வைத்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுக்களைவிடச் சுமார் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை.

உங்கள் வீட்டுச் சான்றிதழ், ஞாயிறு ராத்திரி வியூஸ் எண்ணிக்கை. பாட்டு என்றால் அது பதிவாக வேண்டும், ஏற்ற வேண்டும், எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பழகிவிட்ட பெண்ணுக்கு ஃபிரிட்ஜ் முன்னால் பாடுவது வீணாகத் தோன்றும். குரலைச் சேமிக்கிறாள் என்பதை நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் தொண்டை வலியோ கரகரப்போ இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். இருந்தால் இஎன்டி மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

நான் உங்கள் கணவர் இடத்தில் இருந்தால் சப்ரினாவின் வாழ்க்கையில் வேறொன்றைக் கவனிப்பேன். ஐந்தாவது ஆல்பத்தில் ‘நான்சென்ஸ்’ என்று ஒரு பாட்டு. மேடையில் அதைப் பாடும்போதெல்லாம் கடைசி வரிகளை மாற்றி, அந்தந்த ஊர் பெயரை வைத்துக் குறும்பாக எதையாவது கோத்துப் பாடுவார். இன்றைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கவே கூட்டம் காத்திருந்தது. அவருடைய பெரிய காலம் தொடங்கியதற்கு அந்த விளையாட்டும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு விளம்பரப் பாட்டு பாடும் பெண்ணிடம் அது இருந்தது. பேஸ்மென்ட் அறையில் ஒரே வரியைச் சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பப் பாடும்போது அது முதலில் போய்விடும்.

அறையை இடிக்கச் சொல்லவில்லை. அந்த அறைக்குள் எப்போது போவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். ஞாயிறு கெடுவை எடுத்துவிடுங்கள். வியூஸ் கணக்கை அப்பா பார்க்க வேண்டாம், பார்த்தாலும் சாப்பாட்டு மேஜையில் பேச வேண்டாம். நீங்கள் உங்கள் துணியைச் சாயங்காலமே துவைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடு முழுவதும் ஒரு மைக்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது ஒரு பிள்ளையின் தோளில் பெரிய சுமை. டிரையர் ஓடட்டும்.

கொயருக்கும் பள்ளி மியூசிக்கலுக்கும் அவள் திரும்பினால் எனக்கு மிகவும் சந்தோஷம். வேடம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பாகப் பாடிவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரிப்பது, இன்னொருவர் குரலுக்கு இடம் விடுவது, பாத்திரம் தனக்குக் கிடைக்காத நாளில் கிடைத்த தோழிக்குக் கை தட்டுவது எல்லாம் அங்கே கிடைக்கும். இந்தத் தொழிலுக்குப் போனால் தினமும் தேவைப்படப் போவதும் அவைதான்.

ஹோம் ஸ்கூலிங் இப்போது வேண்டாம். கலிஃபோர்னியாவில் படப்பிடிப்பில் இருக்கும் பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் மூன்று மணி நேரம் படிப்புக்கென்றே ஒதுக்கியாக வேண்டும், ஸ்டுடியோ டீச்சர் கூடவே இருப்பார். வேலை இருக்கும் பிள்ளைக்கான ஏற்பாடு அது. உங்கள் மகளுக்கு இன்னும் வேலை இல்லை. பள்ளியும் போனால் மிஞ்சுவது அந்த ஃபோம் ஒட்டிய அறையும் அப்பாவும் மட்டும்தான்.

கணவரிடம் பேசும்போது “நீங்கள் அவளை வதைக்கிறீர்கள்” என்று தொடங்காதீர்கள். அவர் அன்பைத் தனக்குத் தெரிந்த வழியில் காட்டுகிறார். ஆனால் ஜெனட் மெக்கர்டியின் கதையையும் அவர் படிக்க வேண்டும். ‘ஐகார்லி’ தொடரால் அமெரிக்கப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த நடிகை, பாட்டும் பதிவு செய்தவர். நடிப்பு தன் ஆசை அல்ல, அம்மாவின் ஆசை என்றும், அம்மா சொல்லிக்கொடுத்தே சின்ன வயதில் உணவைக் குறைக்கத் தொடங்கிப் பல வருடம் உணவுக் கோளாறில் தவித்ததாகவும் 2022இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். நடிப்பையும் விட்டுவிட்டார். உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த ஷீட்டில் இரண்டு பக்கம்தான் இருக்கிறது, ஜெனட்டுக்கும் ஒன்று இருக்கட்டும்.

மகளின் தூக்கம், சாப்பாடு, தோழிகளோடு பேசுவது இவற்றில் மாற்றம் தெரிந்தாலோ, “பாடலைன்னா நான் எதுக்கு” என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடமும் பள்ளி கவுன்சிலரிடமும் பேசுங்கள்.

கடைசியாக அந்த ஐயாயிரம் டாலர். கட்டாதீர்கள். முறையான ஏஜென்ட் வேலை வாங்கிக் கொடுத்த பிறகு அந்த ஊதியத்தில் கமிஷன் எடுப்பார், வழக்கமாக 10 சதவீதம். வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பதை கலிஃபோர்னியா 2010 முதல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. நாளைக்கு உண்மையாகவே வேலை வந்தால், எடிசனிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் உள்ள நியூயார்க்கில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள கலைஞருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், மொத்த வருமானத்தில் 15 சதவீதத்தை அவள் பெயரில் அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும். கலிஃபோர்னியாவிலும் இதே 15 சதவீதம்தான். ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரம் சம்பாதித்ததையெல்லாம் அம்மாவும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட, அவர் வழக்குப் போட்டதையடுத்து 1939இல் வந்த சட்டத்தின் தொடர்ச்சி அது. அந்த நிறுவனம் மறுபடி அழைத்தால், கமிஷன் அடிப்படையில் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். பேச்சை அவர்களே முடித்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்