மூன்று சுழி முகம்

கேள்வி: ஒருவருடைய முகபாவணையை வைத்தே அவர் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட முடியுமா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் அந்த மூன்று சுழியை இறக்கி வையுங்கள் ஐயா. பாவனைக்கு இரண்டு சுழி போதும். அதுவும் பாவனை என்றால் இல்லாததை இருப்பதுபோல் காட்டுவது. முகத்தில் தானாகத் தெரிவது முகபாவம். யாழ்ப்பாணத்தாரைக் கேட்டால் பாவனை என்பது பயன்பாடு. அங்கே சோப்பு வாங்குகிறவரும் பாவனையாளர்தான்! நீங்கள் கேட்பது பாவத்தையா, பாவனையையா?

இந்தச் சுழிச் சண்டை எனக்குப் பழையது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் 'திருமன அழைப்பிதழ்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உங்களிடம் மிஞ்சிய சுழியை அங்கே கொடுத்திருக்கலாம். உள்ளே போய்ச் சொன்னேன். முதலாளி வாய்கொள்ளாமல் சிரித்தார், தே தாரிக் தேநீர் வரவழைத்தார், "மாற்றிவிடலாம் ஐயா" என்றார். சிரித்தது வாய் மட்டும்தான். கண்ணோரத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துவிட்டு 1862இல் எழுதியது இதைத்தான்: உதட்டை இழுக்கும் தசை சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை, உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும். கெட்டிக்கார நடிகர்கள் அதையும் அசைத்துவிடுவார்கள் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். நம் முதலாளிக்கு அவ்வளவு நடிப்பு வரவில்லை. மூன்று தீபாவளி போய்விட்டது, பலகை அப்படியே தொங்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1960களின் இறுதியில் பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் குட்டிக் கதைகள் சொல்லி, கதைக்குப் பொருந்தும் முகத்தைப் படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். வெளியுலகத்தை அதிகம் பார்த்திராத அவர்கள் பெரும்பாலும் சரியாகவே எடுத்தார்கள். அச்சத்தையும் வியப்பையும் பிரிப்பதில்தான் தடுமாறினார்கள். எக்மனின் அன்றைய கணக்கில் அடிப்படை உணர்ச்சி ஆறு. தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்றார்; அதில் பெருமிதம் உண்டு, அந்த ஆறில் இல்லை. மகள் பட்டம் வாங்கிய படத்தைக் கைப்பேசியில் தேடித் தேடிக் காட்டும் தகப்பனின் முகத்தை எக்மன் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பாரோ.

எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவருக்கோ ஒரு மெய்ப்பாடும் கிடையாது. சம்பளம் ஏறிய நாளிலும் பல் பிடுங்கிய நாளிலும் ஒரே முகம். உங்கள் கேள்வியை மூன்று சுழியோடு அப்படியே அச்சிடச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். புருவம் மேலேறியது, வாய் பாதி திறந்தது. அச்சமா வியப்பா, எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை.