தூண்டில் இருக்கட்டும், முதலில் விழுந்து ஏறப் பழகட்டும்

கடலில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) மீன்பிடிப்பு பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், பிறருக்கு எப்படிக் கற்றுத் தருவது என்பதைப் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: சில வருடங்களாகக் கயாக்கில் கடலுக்குப் போய் மீன் பிடிக்கிறேன். நண்பர்கள் இரண்டு பேர் தங்களையும் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். நேராக மீன் கிடைக்கும் இடத்துக்கே அழைத்துப் போனால்தானே ஆர்வம் வரும்? எங்கிருந்து ஆரம்பிக்கலாம், ஐயா?

ஆர்வம் இருக்கப் போய்த்தானே கேட்கிறார்கள், அதைப் புதிதாக வரவழைக்க வேண்டியதில்லை. முதல் நாள் தூண்டில் வேண்டாம். கரையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். முகம் கொஞ்சம் வாடும், பரவாயில்லை. தூண்டில் கையில் இருந்தால் புதியவரின் கண் அதன் நுனியிலேயே இருக்கும். காற்று மாறியதும், நீரோட்டம் இழுத்ததும், கரை தூரமானதும் அவருக்குத் தெரியாது.

அலை உடையாத, அடி மணலாக இருக்கும் ஒதுக்கமான இடத்தில், தண்ணீர் நெஞ்சளவு வரும் ஆழத்தில் தொடங்குங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி எல்லாப் பட்டையையும் இறுக்கியபின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். அப்புறம், வேண்டுமென்றே கவிழச் சொல்லுங்கள்.

கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதை ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விடுகிறார்கள். துடுப்பு கயாக்கோடு கயிற்றால் கட்டியிருக்கட்டும். முதலில் கயாக்கை நிமிர்த்த வேண்டும்: கவிழ்ந்த அடிப்பாகத்தின் மேல் கையை நீட்டி அந்தப் பக்க விளிம்பையோ கைப்பிடியையோ பற்றித் தன் பக்கம் இழுத்தால் அது புரண்டு நிமிரும். பிறகு இருக்கைக்கு நேராக வந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏற முயலாமல் ஒரு கணம் நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கால் கயாக்கின் அடியில் போய்த் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மேலே இழுத்தால் கயாக் மறுபடியும் தலைமேல் கவிழும். காலைப் பின்னால் நீட்டி, உடம்பு தண்ணீர் மட்டத்தில் படுத்த மாதிரி வந்தபிறகு, காலைப் பலமாக உதைத்தபடி கயாக்கை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ள வேண்டும். தொப்புள் இருக்கையின் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி மூச்சு வாங்கலாம். பிறகு இடுப்பைத் திருப்பி இருக்கையில் உட்கார வேண்டும், கடைசியாகத்தான் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். முட்டியை முதலில் ஏற்ற நினைத்தால் திரும்பவும் தண்ணீருக்குள்தான்.

கால் தரையில் எட்டும் இடத்தில் நன்றாக வந்தபின், எட்டாத ஆழத்திலும் செய்யட்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறத் தெரிய வேண்டும், களைத்துப் போன பிறகும் ஏற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். யாருடைய உதவியும் இல்லாமல் ஏற முடியாதவரை ஆழ்கடலுக்கு அழைத்துப் போகாதீர்கள். இதில் நட்புக்காகவும் வளைந்து கொடுக்காதீர்கள்.

கேள்வி: புதியவருக்கு எந்த மாதிரி கயாக் நல்லது?

மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. உட்காருமிடத்தில் உள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் தானாக வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் திரும்ப ஏறலாம். அகலமானது ஆடாமல் நிற்கும், ஆனால் வேகம் குறைவு. நீளமானது நேராகப் போகும், திருப்பக் கொஞ்சம் சிரமம். முதல் சில தடவைக்கு அகலமானதே போதும். தாங்கும் எடை என்று போட்டிருப்பதை முழுக்க நிரப்பாதீர்கள், ஆள், ஐஸ் பெட்டி, நங்கூரம், தூண்டில் எல்லாம் சேர்த்து அதில் முக்கால் பங்குக்குள் இருக்கட்டும்.

இறக்குவதற்கு முன் பின்பக்க வடிகால் மூடியைக் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள். அது இல்லாமலோ மேல் மூடி சரியாகப் பொருந்தாமலோ போனால் கயாக்கின் வெற்றான உட்கூட்டில் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கம் ஓடி, சாய்ந்த கயாக்கை மேலும் சாய்க்கும். "இன்றைக்கு ஏனோ ரொம்ப ஆடுகிறது" என்று ஒருவர் சொன்னால் முதலில் உட்கூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கடல் குளம் மாதிரி இருக்கும் நாளாகப் பார்த்துக் கூட்டிப்போனால் போதும்தானே?

அந்தக் குளம் மாதிரித் தோற்றம்தான் சில நாளில் ஆபத்து. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்போது கரையோரத் தண்ணீர் தட்டையாகத்தான் இருக்கும், ஏனென்றால் அலை எழும்ப அங்கே காற்றுக்குத் தூரம் போதாது. புதியவர் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு சுகமாகப் போவார், போகப் போக அலை உயரும், திரும்பும்போதுதான் எதிர்க்காற்று என்பது தெரியும். கயாக் ஓட்டப் பழகாதவர் அமைதியான தண்ணீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவார். எதிர்க்காற்றில் அது பாதியாகிவிடும், கை சோர்ந்தால் பின்னோக்கியே நகர ஆரம்பிப்பார்.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 8 நாட் காற்றுக்கும் 16 நாட் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோள்பட்டை நன்றாகவே உணரும். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) 10 நாட் வாக்கில் அலை முகட்டில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கும். புதியவர் கூட இருந்தால் என் கணக்கு 8 நாட்டுக்குள், அதுவும் கரையை நோக்கி அடிக்கும் மென்காற்றோ கரைக்கு இணையாக அடிக்கும் காற்றோதான். கடற்கரைகளில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுப்பதால், காலையில் போய்ச் சீக்கிரமே திரும்புவது நல்லது.

நீரோட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஓதம் (கடல் ஏறி வற்றும்போது வரும் ஓட்டம்) ஒரு பக்கம் ஓட, காற்று அதற்கு எதிராக அடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். முகத்துவாரங்களில் இது மோசமாக இருக்கும். காலையில் எளிதாக வெளியே வந்த அதே வாய், ஓதம் திரும்பியபின் நுழையவே முடியாததாகிவிடும். வெளியே போகும்போது காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அவை இரண்டும் உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்படி.

கேள்வி: அலை உடையும் கரைதான் எங்களுக்கு இருக்கிறது. போவதையும் வருவதையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

முதலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அலைகள் கூட்டமாக வரும், நாலைந்து பெரியவை அடுத்தடுத்து, பிறகு ஒரு இடைவெளி. கால் மணி நேரம் கரையில் நின்றால் அந்த ஒழுங்கு கண்ணுக்குப் பிடிபடும். முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு அலைக்கு நடுவே எத்தனை நொடி என்பதையும் பார்க்கப் பழக்குங்கள். ஒரே உயரம்தான் என்றாலும் 6 நொடி அலையைவிட 14 நொடி அலை கரையில் பலமாக எழுந்து உடையும்.

போகும்போது கயாக்கின் மூக்கு நேராக அலையைப் பார்க்க வேண்டும், துடுப்புப் போடுவதை நிறுத்தக் கூடாது. வருவதுதான் கஷ்டம். அலைக்கு வெளியே இருக்கும்போதே தூண்டில், கொக்கி, வலை எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும். நுரைக்குள் உருளும்போது தூண்டில் முள் எங்கே குத்தும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய கூட்டம் கடந்தபின், கடைசி அலையின் முதுகைப் பிடித்து அதன் பின்னாலேயே வர வேண்டும். அலை கயாக்கைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் அலை வரும் பக்கமாகச் சாய வேண்டும், கரைப்பக்கம் சாய்ந்தால் உடனே கவிழும்.

இறங்கும்போது எப்போதும் கடல் பக்கமாக இறங்க வேண்டும். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. தண்ணீர் நிரம்பிய கயாக்கை அலை தூக்கி எறிந்தால் முட்டி உடைந்துவிடும். இதைப் புதியவர் தாமாகவே உங்களுக்குத் திருப்பிச் சொல்லும் வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, நீச்சல் சுமார்தான். கற்றுக்கொள்ள ஆசை. மகன் வேண்டாம் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வயது தடையில்லைங்க, அம்மா. நீச்சலை மட்டும் முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். வேகமாக நீந்த வேண்டியதில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தாலும் பதறாமல், லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து, கயாக்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குளிர்ந்த கடல் என்றால் உடையும் முக்கியம், வெயிலைப் பார்த்து உடுத்தாமல் தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அப்போது வாய்க்குள் தண்ணீர் போய்விடக் கூடாது. அந்த ஒரு நிமிடம் ஏற முயலாமல் மிதந்தாலே போதும், மூச்சு ஒரு நிலைக்கு வந்துவிடும். நன்றாக ஏறப் பழகியதும் மகனையே ஒரு நாள் கரையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் மீன் மாட்டியதும் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அப்போது என்ன சொல்வது? நங்கூரம் போட்டுக்கொண்டால் சுலபமா?

"தலை நடுவிலேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். கை எவ்வளவு வேண்டுமானாலும் வெளியே நீளலாம், தலை விளிம்பைத் தாண்டினால் உடம்பின் எடையும் கூடவே போய்விடும். மீன் பக்கவாட்டில் ஓடினால் தூண்டிலை முன்பக்கம் கொண்டுவந்தால் போதும், மூக்கு தானாக மீன் பக்கம் திரும்பி, மீன் கயாக்கையே இழுத்துப் போகும். அந்த இழுவையே மீனைக் களைக்க வைக்கும். ரீலின் பிடியை, அதாவது நூலை விடாமல் பிடிக்கும் இறுக்கத்தை, நரம்பின் (தூண்டில் நூலின்) தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள், 9 கிலோ நரம்பு என்றால் 3 கிலோ. மீனைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் காலை இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் நிலை நன்றாக இருக்கும். முள்ளின் பின்வாயை, அதாவது நுனிக்கருகில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை, குறட்டால் அழுத்தி மட்டமாக்கிவிடுங்கள், மீனிலிருந்தும் மனிதரிலிருந்தும் எளிதாக வரும். நரம்பை அறுக்க ஒரு சின்னக் கத்தி ஜாக்கெட்டிலேயே இருக்க வேண்டும்.

நங்கூரத்தைப் புதியவருக்கு முதலில் கொடுக்காதீர்கள். ஓட்டத்தில் கயிறு பக்கவாட்டில் இறுகினால் அந்தப் பக்கம் அமுங்கிக் கவிழ்ந்துவிடும். கயிறு எப்போதும் மூக்கிலோ வாலிலோதான் நிற்க வேண்டும், ஒரே இழுப்பில் கழன்று மிதவையோடு போகும்படியும் இருக்க வேண்டும். பழகும்வரை காற்றோடு மெல்ல மிதந்தபடியே பிடிக்கட்டும்.

கேள்வி: ஒருவருக்கு வாந்தி, இன்னொருவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. இரண்டு பேரையும் நான் ஒருவனே எப்படிப் பார்ப்பேன்?

ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் பார்ப்பதே கஷ்டம், அதனால்தான் ஒருவருக்கு இரண்டு பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள் என்கிறேன், அதிலும் பழகிய இன்னொருவர் கூட இருந்தால் நிம்மதி. தலைசுற்றல் வந்தவரைக் குனிந்து முள் கட்ட விடாதீர்கள், கரையையோ தொடுவானத்தையோ பார்த்துத் துடுப்புப் போடச் சொல்லுங்கள். 15 மீட்டர் அளவுக்கு இழுவைக் கயிறு உங்களிடம் எப்போதும் இருக்கட்டும், அவசரத்தில் கழற்றும்படி. விசில் ஜாக்கெட்டில், ரேடியோ உடம்பில். கயாக்கில் வைத்த ரேடியோ நீங்கள் விழுந்தால் கயாக்கோடு போய்விடும். வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனல் அபாய அழைப்புக்கு என்பதைக் கூட வருபவருக்கும் சொல்லிவையுங்கள், உதவி தேவைப்படுகிறவர் நீங்களாகவும் இருக்கலாம். எங்கே இறங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மீன் நன்றாகக் கடிக்கும் நேரத்தில் காற்று ஏறியது. திரும்பலாம் என்றால் கூட வந்தவர் கேட்கவில்லை, கோபித்துக்கொண்டார். என்ன செய்திருக்கலாம்?

இந்தப் பேச்சை நீங்கள் கரையிலேயே முடித்திருக்க வேண்டும். இறங்குவதற்கு முன், "நான் திரும்பலாம் என்றால் அந்த நொடியே நரம்பைச் சுருட்ட வேண்டும், காரணம் கரையில் சொல்கிறேன்" என்று சொல்லி, சரி என்று அவர் வாயால் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்குகிறவரை அன்றைக்கு ஏற்றாதீர்கள். கடலில் விவாதம் வேண்டாம், அவர் பேசும் நேரத்தில் காற்று இன்னும் ஏறியிருக்கும். அருகில் போய் அவர் கயாக்கைப் பிடித்துக்கொண்டு, தூண்டிலை வாங்கி வைத்து, கரையில் ஒரு அடையாளத்தைக் காட்டி "அதைப் பார்த்துப் போங்கள், நான் பக்கத்தில் வருகிறேன்" என்று சொல்லுங்கள், காற்று அடிக்கும் பக்கத்தில் நீங்கள் இருந்துகொண்டு. கோபம் சாயங்காலத்துக்குள் போய்விடும். போகாவிட்டாலும் அடுத்த தடவை நீங்கள் இதையேதான் செய்ய வேண்டும்.